பழைய காரும் ஏறும் விலையும்: ஒரு வரலாற்றுப் பாடம்

பாவித்த பொருளின் விலை இறங்கும் என்பது சந்தையின் பொது விதி. காட்சியறையை விட்டு வெளியே வந்த அன்றே புதிய கார் தன் பெறுமதியில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது என்பதைக் கார் வாங்கிய எவரும் அறிவர். இந்த விதிக்கு ஒரு விலக்கை இலங்கையில் நாம் நேரிலேயே கண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும் வரையான ஐந்து ஆண்டுகளில், ஓடித் தேய்ந்த கார்கள் பல வாங்கிய விலையைவிட அதிக விலைக்குக் கைமாறின. காரணம் எல்லோருக்கும் விளங்கியது. வரவு நின்றது, தேவை நிற்கவில்லை.

உலகச் சந்தையில் இதைவிட விசித்திரமான விலக்கு ஒன்று உண்டு. அது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை. இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய, மழைக்கு ஒழுகும், குளிரூட்டி இல்லாத, எரிபொருளைத் தண்ணீராய்க் குடிக்கும் 40, 50 ஆண்டுப் பழைய கார்களுக்கு ஒரு மாளிகையின் விலையையும் அதற்கு மேலும் கொடுக்க மனிதர்கள் வரிசையில் நிற்கின்றனர். அவர்களுக்கு எந்த அரசாங்கமும் இறக்குமதித் தடை விதிக்கவில்லை. அலுவலகம் போக அவர்களிடம் வேறு வாகனங்கள் உண்டு. ஆயினும் விலை ஏறுகிறது. ஏறும் விலையைக் கண்டு, இன்று வாங்காவிட்டால் என்றுமே வாங்க முடியாது என்று அஞ்சி, நடுத்தர வருமானம் உடையவர்களும் கடன்பட்டு இச்சந்தையில் இறங்குகின்றனர். இத்தகைய ஏற்றம் ஒன்று இதற்கு முன்னரும் வந்தது, வந்து சரிந்தது. யார் பிழைத்தார், யார் கெட்டார் என்ற கணக்கும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அந்தக் கணக்கை மீட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு மிகப் பொருத்தமான சாட்சி இத்தாலியில் பிறந்த ஒரு கார்.

முப்பத்தாறு கார்கள்

1961ஆம் ஆண்டின் இறுதியில் மரனெல்லோவிலுள்ள ஃபெராரி நிறுவனத்தில் பெரும் பூசல் ஒன்று வெடித்தது. நிறுவனர் என்சோ ஃபெராரியுடன் முரண்பட்டு, தலைமைப் பொறியியலாளர் கார்லோ கிற்றி, ஜியோத்தோ பிற்சாரினி உள்ளிட்ட மூத்தவர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினர். பிற்சாரினியின் கையில் அப்போது பாதியில் நின்ற வேலை ஒரு புதிய பந்தயக் கார். அதை முடிக்கும் பொறுப்பு மவுரோ ஃபோர்கியெரி என்ற, முப்பது வயதை எட்டாத இளைஞரிடம் வந்தது. மொடெனா நகரில் ஸ்காலியெற்றியின் பட்டறையில் அலுமினியத் தகடுகளைக் கையால் அடித்து உடற்பகுதி உருவாக்கப்பட்டது. இவ்வாறு 1962 இல் வெளிவந்ததே ‘250 ஜிரிஓ’.

மூன்று லீற்றர் கொள்ளளவுள்ள, பன்னிரண்டு உருளைகள் கொண்ட எஞ்சின். ஏறத்தாழ 300 குதிரைவலு. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. 1962, 1963 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லு மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் இது ஒட்டுமொத்த வரிசையில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. 1962, 1963, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தன் பிரிவின் உலகப் பட்டத்தை ஃபெராரிக்கு வென்று கொடுத்தது. இந்தப் பிரிவில் போட்டியிட வேண்டுமாயின் ஓராண்டுக்குள் நூறு கார்களாவது உற்பத்தி செய்திருக்க வேண்டும் என்பது விதி. முன்னைய காரின் திருத்திய வடிவமே இது என்று வாதாடி ஃபெராரி அனுமதி பெற்றுக்கொண்டது. மூன்று ஆண்டுகளில் வெளிவந்தவை 36 மட்டுமே. பிற்காலத்தில் கோடிகளாக உருவெடுத்த அபூர்வத் தன்மையின் தொடக்கம் இந்தச் சிறிய விதி ஏய்ப்பில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் அதன் புதுவிலை 18,000 டொலர். அன்றைக்கு அது சிறிய தொகையன்று. ஆயினும் பணம் மட்டும் இருந்தால் வாங்கிவிட முடியாது. வாங்குபவர் யார் என்பதை நிறுவனமும் பார்த்தது.

பள்ளிக்கூடத்திற்குப் போன கார்

பந்தயக் காரின் ஆயுள் மிகக் குறுகியது. அடுத்த ஆண்டில் அதனினும் வேகமான ஒன்று வந்துவிடும். ஓட்டுநருக்குப் பின்புறத்தில் எஞ்சினை வைக்கும் முறை 1960களின் நடுப்பகுதியில் பந்தயத் தளங்களைக் கைப்பற்றியது. ஃபெராரியின் 250 எல்எம் அந்த அமைப்புடனேயே 1965 லு மான் பந்தயத்தை வென்றது. எஞ்சினை முன்புறத்தில் சுமந்த ஜிரிஓ ஒரே நாளில் பழசாகிப் போனது. பந்தயத்திற்கு உதவாது; தெருவில் ஓட்டுவதற்கோ சத்தமும் சூடும் தாங்க முடியாது. பழுது பார்க்கவும் ஆட்கள் அரிது. 1960களின் இறுதியில் இக்கார்கள் புதுவிலையின் பாதிக்கும் குறைந்த தொகைக்கு, சில வேளைகளில் சில ஆயிரம் டொலருக்கே, கைமாறின.

அக்காலத்தின் மனநிலையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. விக்டோரியா என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கூடத்திற்கு ஒரு ஜிரிஓ நன்கொடையாக வழங்கப்பட்டது. மாணவர்கள் வாகனப் பொறித் தொழில் பழகுவதற்கு அது பயன்பட்டது. 1972 இல் பள்ளி நிர்வாகம் அதை 6,500 டொலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர் அதை ஓர் இழுவை வண்டியில் ஏற்றித் திறந்த வயல்வெளியில் நிறுத்தினார். வெயிலும் மழையும் பட்டு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. அந்த ஊர் மக்களை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அன்றைய உலகில் அந்தக் காரின் விலை அவ்வளவே. 1973 இன் எண்ணெய் நெருக்கடியின் பின்னர் பெரிய எஞ்சின் கொண்ட எந்தக் காரையும் வீட்டில் வைத்திருப்பதே சுமையாகக் கருதப்பட்டது.

இதே காலத்தில் வாங்கிய இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். ‘பிங்க் ஃபுளொய்ட்’ என்ற பிரித்தானிய இசைக்குழுவின் மேளக் கலைஞர் நிக் மேசன் 1977 இல் 37,000 பவுண் கொடுத்து ஒரு ஜிரிஓவை வாங்கினார். பழைய பந்தயக் காருக்கு அது மிதமிஞ்சிய விலையென அன்று கருத இடமிருந்தது. அவர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை, பழைய கார்ப் பந்தயங்களில் ஓட்டினார், குடும்பத்தவரும் ஓட்டினர். பின்னர் வந்த ஏற்றத்தின்போதும் இறக்கத்தின்போதும் அவர் அதை விற்காமல் பல தசாப்தங்கள் தம்முடன் வைத்திருந்தார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெறி பிடித்த மூன்றாண்டுகள்

1980களின் தொடக்கத்திலிருந்தே பழைய ஃபெராரிகளின் விலை மெல்ல ஏறத் தொடங்கியது. 1960களில் சுவரில் காரின் படத்தை ஒட்டி வைத்துக் கனவு கண்ட சிறுவர்கள் இப்போது நாற்பதை நெருங்கியிருந்தனர்; கையில் பணமும் இருந்தது. இது இயல்பான ஏற்றம். இதைப் பெருந்தீயாக மூட்டியவை 1987 இன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்த சம்பவங்கள்.

1987 ஒக்ரோபர் 19 ஆம் திகதி, ‘கறுப்புத் திங்கள்’ என்று பெயர் பெற்ற அன்று, நியூயோர்க் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. காகிதத்தில் நம்பிக்கை இழந்த பணம் கையால் தொடக்கூடிய பொருள்களைத் தேடிப் போனது. ஒரு மாதம் கூடக் கழியவில்லை. நவம்பர் 17 இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் புகாற்றி றோயல் கார் ஒன்று 55 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. ஒரு காருக்கு இவ்வளவு விலையா என்று உலகப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் கேட்டன. அந்தக் கேள்வியே விளம்பரமாகவும் ஆகிவிட்டது.

1988 ஓகஸ்ட் 14 இல் என்சோ ஃபெராரி காலமானார். ஓவியன் இறந்தால் ஓவியத்தின் விலை ஏறும் என்ற பழைய கணக்கைச் சந்தை இங்கும் போட்டது. பிரித்தானியாவில் அதே ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உயர்ந்த வருமான வரி 60 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. செல்வந்தர் கையில் பணம் மிஞ்சியது. அந்நாட்டுச் சட்டப்படி கார் என்பது தேய்ந்து அழியும் பொருள். ஆகவே அதை விற்றுப் பெறும் இலாபத்திற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைத் தேயும் பொருளென்று சட்டம் வகுத்திருந்தது வாங்குவோருக்கு வாய்ப்பாகப் போனது.

இவை எல்லாவற்றினும் வலிமையான காற்று யப்பானிலிருந்து வீசியது. குறைந்த வட்டி, பலமான யென், வானளாவிய காணி விலை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்நாட்டுச் செல்வந்தரின் கைகளில் எல்லையற்ற கடன் வசதியைக் கொடுத்தன. யசுதா காப்புறுதி நிறுவனம் 1987 மார்ச்சில் வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தை ஏறத்தாழ 2.5 கோடி பவுணுக்கு வாங்கிய காலம் அது. ஓவியத்தை வாங்கிய அதே பணம் காரையும் வாங்கியது. 1980களின் நடுப்பகுதியில் பத்து இலட்சம் டொலரை எட்டிப்பிடிக்க முயன்ற ஜிரிஓ, 1989 இல் 1 கோடி 30 இலட்சம் டொலரைத் தாண்டி ஒரு யப்பானியரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இச்சந்தையில் அப்போது நடந்தவற்றைப் பத்திரிகையாளன் என்ற முறையில் நோக்கும்போது ஒரு விடயம் உறுத்துகிறது. செய்தி எழுதியவர்கள் காரைப் பற்றி எழுதுவதை நிறுத்தி, காரின் விலையைப் பற்றி மட்டும் எழுதத் தொடங்கினர். விலைப் பட்டியல் வந்தது; ஏற்ற வீதம் வந்தது; பங்குச்சந்தையுடன் ஒப்பீடு வந்தது. ஓட்டத் தெரியாதவர்களும் வாங்கினர். காரைப் பார்க்காமலேயே தொலைபேசியில் வாங்கி, அது வந்து சேருமுன்னரே இன்னொருவருக்கு விற்றவர்களும் இருந்தனர். ஜிரிஓ எட்டாக் கனியாகியதும், அடுத்த படியில் இருந்த கார்களை, அதற்கும் அடுத்த படியில் இருந்தவற்றை என்று ஆசை கீழிறங்கியது. ஜகுவார் ஈ-ரைப், அஸ்ரன் மாட்டின், சாதாரண ஃபெராரி என எல்லாவற்றின் விலையும் ஏறியது. வீட்டை ஈடு வைத்து வாங்கிய சாமானியர்கள் இந்தக் கீழ்ப்படியிலேயே நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

சரிவு

இறங்குமுகத்தைக் காரோ கார்ச் சந்தையோ தொடக்கவில்லை. வட்டி தொடக்கியது. 1988 இன் நடுப்பகுதியில் 7.5 சதவீதமாக இருந்த பிரித்தானிய அடிப்படை வட்டி 1989 ஒக்ரோபரில் 15 சதவீதமாகியது. யப்பான் மத்திய வங்கி 1989 மே மாதம் முதல் வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2.5 சதவீதத்திலிருந்து 1990 ஓகஸ்டில் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 1989 டிசம்பர் 29 இல் 38,915 என்ற உச்சத்தில் முடிவடைந்த நிக்கேய் சுட்டெண் அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இழந்தது. மீண்டும் அந்த உச்சத்தைத் தொட அதற்கு 2024 பெப்ரவரி வரை, 34 ஆண்டுகள் பிடித்தன. 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்திற்குள் படை நடத்தியதும் எண்ணெய் விலை பாய்ந்தது. உலகம் மந்தத்தை நோக்கிச் சென்றது.

கடனில் வாங்கியவர்கள் ஒரே வேளையில் விற்க வந்தனர். வாங்குவதற்கு ஆளில்லை. இச்சந்தையின் இயல்பு இதுவே: ஏறும்போது நூறு பேர் நிற்கும் வாசலில், இறங்கும்போது ஒருவரும் நிற்பதில்லை. பங்கை விற்றால் ஏதோ ஒரு விலை உடனே கிடைக்கும். கார் அவ்வாறன்று; வாங்குபவர் வரும் வரை அது கராஜில் கிடந்து செலவு வைக்கும். 1989 இல் 1 கோடி 30 இலட்சம் டொலரைத் தாண்டிய ஜிரிஓ இனத்தில் ஒன்று 1994 செப்டெம்பரில் 27 இலட்சம் டொலருக்கும், இன்னொன்று 1996 மே மாதத்தில் 25 இலட்சம் டொலருக்கும் விற்கப்பட்டன. ஐந்தில் ஒரு பங்கு விலை. முப்பத்தாறில் ஒன்றுக்கே இக்கதியென்றால், ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்களைக் கடன்பட்டு வாங்கியவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

புதிய கார்களும் இவ்வெறிக்குத் தப்பவில்லை. ஜகுவார் நிறுவனம் 1988 இல் பேர்மிங்காம் கண்காட்சியில் எக்ஸ்ஜே220 என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. பின்னர் 50,000 பவுண் முற்பணத்துடன் பதிவு தொடங்கியபோது, 350 கார்களுக்கு நாலு மடங்குக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் பலரின் நோக்கம் காரைப் பெறுவதன்று, வரிசையில் கிடைத்த இடத்தை விற்பது. 1992 இல் கார் கைக்கு வரும்போது சந்தை செத்துவிட்டது. விலையோ 4 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு உருளை எஞ்சின் என்று காட்டப்பட்டது ஆறு உருளையாக மாறியிருந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினர். விவகாரம் நீதிமன்றப் படியேறியது. முடிவில் 300 கார்கள் கூட உற்பத்தியாகவில்லை. எஞ்சியவை பாதிக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்டன.

விலை தின்ற கார்கள்

ஏற்றம் பணத்தை மட்டுமே அழித்தது என்று எண்ணக்கூடாது. வரலாற்றுப் பொருளையும் அழித்தது. ஜிரிஓவின் உடன்பிறப்பாக 1960 இல் ‘250 ஜிரிஈ’ என்ற நால்வர் அமரும் கார் வெளிவந்தது. குடும்பத்துடன் பயணம் செய்ய ஏற்றது. ஏறத்தாழ 950 கார்கள் செய்யப்பட்டன. அந்நாளில் ஃபெராரி நிறுவனத்தைப் பொருளாதார ரீதியாகத் தாங்கி நின்றது இதுவே. இதன் எஞ்சினும் அடிச்சட்டமும் ஜிரிஓவினுடையவற்றுடன் நெருங்கிய உறவுடையவை. ஆகவே விலை ஏறிய காலங்களில் பட்டறைக்காரர்கள் இந்த எளிய காரை வெட்டி, உடற்பகுதியை எறிந்து, எஞ்சினையும் சட்டத்தையும் எடுத்து, மேலே புதிய அலுமினிய உடலைப் போர்த்தி, போலி ஜிரிஓக்களைச் செய்தனர். சிலர் அதைப் போலியென்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றனர். எல்லோரும் அவ்வாறு சொல்லவில்லை. ஒரு காரின் புகழுக்காக இன்னொரு கார் இனத்தின் பெரும் பகுதி பலியாகிவிட்டது. இன்று அந்த ஜிரிஈயையும் தேடித் திரிகின்றனர், விலையும் ஏறிவிட்டது.

இதன் விளைவாகவே சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தொழிற்சாலைப் பதிவுடன் பொருந்துகின்றனவா என்ற கேள்வி இத்துறையில் முதற்கேள்வியாகியது. உரிமை மாறிய வரலாறு, பழைய பற்றுச்சீட்டுகள், நிழற்படங்கள், பந்தயப் பதிவுகள் யாவும் காரின் உறுப்புகளாகக் கருதப்படும் நிலை வந்தது. நம் ஊரில் காணி வாங்குவோர் தோம்பு தேடுவதைப் போல, பழைய ஃபெராரி வாங்குவோர் பத்திரங்களைத் தேடுகின்றனர். போலிகள் தொடர்பான சர்ச்சை 2019 இல் இத்தாலியின் பொலோனியா நகர நீதிமன்றம் வரை சென்றது. 250 ஜிரிஓவின் வடிவம் ஒரு கலைப்படைப்பு என்றும், அதைப் பிறர் நகலெடுத்து உற்பத்தி செய்யலாகாது என்றும் அங்கு தீர்ப்பாகியது.

இரண்டாவது ஏற்றம்

1990களின் பிற்பகுதியிலிருந்து விலை மறுபடி மெல்ல எழுந்தது. 2008 இன் நிதி நெருக்கடி அதைச் சிறிதே தடுத்தது. வட்டி வீதம் பூச்சியத்தை அண்மித்த அடுத்த ஆண்டுகளில் ஏற்றம் வேகம் பிடித்தது. 2014 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் ஒரு ஜிரிஓ 3 கோடி 81 இலட்சம் டொலருக்கும், 2018 ஓகஸ்டில் இன்னொன்று 4 கோடி 84 இலட்சம் டொலருக்கும் போயின. 2022 மே மாதம் ஸ்ருட்காட் நகரில் மேர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் நூதனசாலையில் நடந்த விற்பனை எல்லாச் சாதனைகளையும் முறியடித்தது. 1955 ஆம் ஆண்டின் 300 எஸ்எல்ஆர் கார் ஒன்று 13 கோடி 50 இலட்சம் யூரோவுக்குக் கைமாறியது.

சாமானியர்களை நேரடியாகத் தொடும் ஏற்றம் வேறு இரண்டு கார்களில் நிகழ்ந்தது. ஒன்று ஜேர்மனியின் போர்ஷ் 911. 1963 இல் காட்சிக்கு வந்தது முதல் 1998 வரை இக்காரின் எஞ்சின் காற்றால் குளிரூட்டப்பட்டது. அதன் பின்னர் நீருக்கு மாறியது. மாறிய ஆண்டுகளில் பழைய காற்றுக் குளிர் கார்கள் காலாவதியான பொருளாக மலிந்து கிடந்தன. ஓர் ஆசிரியரோ பொறியியலாளரோ சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று அது பெயர் பெற்றிருந்தது. 2010களில் அந்த நிலை முற்றாக மாறியது. இனிமேல் அப்படியொரு எஞ்சின் வராது என்பதை உணர்ந்த சந்தை விலையைப் பன்மடங்காக்கியது. 1973 இன் கரேரா ஆர்எஸ் போன்ற, 1,580 மட்டுமே செய்யப்பட்ட வகைகள் செல்வந்தரின் சொத்தாயின.

மற்றது யப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜிரி-ஆர். 1989 முதல் 1994 வரை உற்பத்தியான ஆர்32 என்ற வடிவில் ஏறத்தாழ 44,000 கார்கள் வெளிவந்தன. 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ற் பந்தயத்தை இது வென்றது. யப்பானில் வாகனம் முதிர முதிரப் பரிசோதனைச் செலவும் வரியும் கூடும். ஆகவே அங்கு உரிமையாளர்கள் பழைய காரை விரைவில் கைவிடுவர். இலங்கையின் தெருக்களில் பாவித்த யப்பானிய வாகனங்கள் நிறைந்ததற்கும் இதுவே பின்னணி. கைவிடப்பட்ட ஸ்கைலைன்கள் நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மலிவாகப் போயின. அமெரிக்காவுக்கு மட்டும் போக முடியவில்லை. அந்நாட்டுத் தரத்துக்கு அமையாத காரை, அது செய்யப்பட்டு 25 ஆண்டுகள் கழிந்த பின்னரே தடையின்றி இறக்கலாம் என்பது 1988 இன் சட்டத்தால் வந்த விதி. கணினி விளையாட்டிலும் 2001 முதல் வெளிவந்த ‘ஃபாஸ்ட் அன்ட் ஃபியூரியஸ்’ திரைப்படங்களிலும் இக்கார்களைப் பார்த்து வளர்ந்த அமெரிக்க இளைஞர்கள் 2014 வரை காத்திருந்தனர். வயது நிறைந்ததும் கப்பல்கள் திரும்பின. யப்பானிலேயே விலை ஏறியது. 1999 இன் ஆர்34 க்கு அதே கதவு 2024 இல் திறந்தது. அந்தத் திரைப்படங்களில் தோன்றிய ரொயோட்டா சுப்ரா ஒன்று 2021 இல் 5 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது.

1960களின் சிறுவர்கள் 1980களில் ஃபெராரியைத் தேடினர். 1990களின் சிறுவர்கள் 2010களில் ஸ்கைலைனைத் தேடினர். இடையில் ஓடுவது ஒரே விதி. பதினைந்து வயதில் ஆசைப்பட்டதை நாற்பது வயதில் வாங்குகிறான் மனிதன். விலையை உயர்த்துவது அவனுடைய நினைவு. அதை வெறியாக்குவது மலிந்த கடன். அந்தத் தலைமுறை முதிர்ந்து ஒதுங்கும்போது நினைவும் உடன் போகும். இரண்டாம் உலகப்போருக்கு முன்னரான கார்களில் மிகச் சிறந்தவற்றைத் தவிர்ந்த ஏனையவற்றுக்கு ஆர்வலர் குறைந்து வருவதை இன்று காண்கிறோம். அவற்றைச் சிறு வயதில் தெருவில் கண்டவர்கள் பெரும்பாலும் இன்று இல்லை.

வாங்க நினைப்பவருக்கு

விலை ஏறிக்கொண்டிருக்கும்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்த வரலாறு சொல்லும் பதில் எளிமையானது. நாளை இதன் விலை பாதியாகக் குறைந்தாலும் இதை ஓட்டி மகிழ்வேனா என்று வாங்குபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்பவர் வாங்கலாம். விடை சொல்லத் தயங்குபவர் விலகி நிற்பதே நன்று. மேசனுக்கு 1990 இன் சரிவு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவர் கடனுக்கு வாங்கவில்லை, விற்பதற்கும் வாங்கவில்லை. சரிவில் அழிந்தவர்களுள் பெரும்பாலோர் விலைக்காகவே காரை வாங்கியவர்கள்.

வாங்க முடிவு செய்தவருக்குச் சில நடைமுறை உண்மைகளும் உண்டு. எஞ்சினைத் திருத்தலாம், கறள் தின்ற உடற்பகுதியைத் திருத்துவது அதனினும் பெருஞ்செலவு. பளபளக்கும் புதிய வர்ணத்தின் கீழ் என்ன மறைந்திருக்கிறது என்று பாராதவர் ஏமாறுவார். மலிவாகக் கிடைக்கும் சீரழிந்த காரை வாங்கித் திருத்துவதைவிட, கூடுதல் விலை கொடுத்து நல்ல நிலையில் உள்ளதை வாங்குவதே முடிவில் இலாபம் என்பதை இத்துறையில் தலை நரைத்த எவரும் சொல்வர். இலக்கங்களும் பத்திரங்களும் பொருந்தாத காரை எக்காரணம் கொண்டும் தொடலாகாது. உதிரிப்பாகம் கிடைக்குமா, அதைத் திருத்தத் தெரிந்த கை அருகில் உண்டா என்பவற்றை விலை பேசுமுன் விசாரிக்க வேண்டும்.

பழைய காரின் பெறுமதியை அறிய நாம் மரனெல்லோவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் தடை நிலவியபோது, நாற்பதாண்டுகள் பழைமையான ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவற்றை எவரும் முதலீடு என்று அழைக்கவில்லை. எந்தப் பத்திரிகையும் அவற்றின் ஏற்ற வீதத்தை வெளியிடவுமில்லை. உரிமையாளர் தம் கையால் பராமரித்தனர். தேவைப்பட்ட நாளில் அவை உதவின. கோடிகள் பெறும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அந்த ஒஸ்ரினுக்கும் வேறுபாடுகள் எத்தனையோ உண்டு. எனினும் இரண்டும் கார்களே. இரண்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஏறும் விலையைக் கண்டு மனம் பதறும்போது, வாங்க நினைப்பவர் முதலில் சாவியைத் திருகி, எஞ்சினின் ஒலியைக் கேட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கட்டும். விலையைப் பற்றிய பேச்சு அதன் பின்னர் வரட்டும்.